ஒரு மூலைக்கு மூன்று கல்

போன மாதம் மேலூர் பக்கம் ஒரு நிலம் அளக்கப் போயிருந்தேன். பட்டாவில் 0.17.0 ஹெக்டேர், நம் பேச்சில் 42 செண்ட். பெரியாறு பாசன வயல். ஒரு பக்கம் கிளை வாய்க்கால், ஒரு பக்கம் பிளாட் போட்டு விற்ற இடம், மற்ற இரண்டு பக்கமும் பங்காளிகள். கூப்பிட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். மகளுக்குப் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும், பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் நாலு மூலையையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

மூன்று மூலைகளில் வம்பில்லை. நான்காவது மூலை, பிளாட் பக்கத்து எல்லை வாய்க்காலைத் தொடும் இடம், அங்கேதான் கூத்து. பிளாட் போட்டவர்கள் எப்போதோ நட்ட சிமெண்ட் கல் ஒன்று பாதி சாய்ந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு எட்டு எடுத்து வைத்தால் பெரியவர் வயலுக்குள் சிவப்பு பெயிண்ட் அடித்த கம்பி ஒன்று. கம்பி புதுசு, பெயிண்ட் கூட மங்கவில்லை. எஃப்.எம்.பி.யில், அதாவது அரசு நில அளவைப் புத்தகத்துப் படத்தில், காட்டியிருக்கிற சர்வே கல்லை மட்டும் காணோம்.

கல் காணாமல் போவது அதிசயம் ஒன்றுமில்லை. வாய்க்கால் தூர்வாரும்போது வண்டலை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டுப் போவார்கள், நாலைந்து வருஷத்தில் கல் தரைக்கு அடியில் போய்விடும், அதற்கு மேலே கருவேலம் முளைத்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு பழைய கற்களைப் பிடித்து, அளவுக்கு ஆதாரமான ஜி லைன் என்கிற கோட்டை ஓடவிட்டு, பழைய சங்கிலி அளவான லிங்க் கணக்கில் 312, மீட்டரில் 62.8, அந்தத் தூரத்தை இன்ஸ்ட்ரூமெண்டில் வைத்துப் பார்த்தேன். புள்ளி விழுந்த இடத்தில் வெறும் மண்ணும் முள்ளும்தான். பையனைக் கடப்பாரை போடச் சொன்னேன். முக்கால் அடி, ஒரு அடி, ஒன்றும் இல்லை. ஒன்றரை அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். இந்தத் தொழிலில் இருபது வருஷம் ஆகப்போகிறது, அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கருங்கல், தலையில் வெட்டின குறி அப்படியே இருக்கிறது.

ஆக, ஒரு மூலைக்கு மூன்று கல். சிமெண்ட் கல் சர்வே கல்லிலிருந்து முக்கால் அடி விலகல், அதைக்கூட விட்டுவிடலாம். கம்பி இரண்டே கால் அடி, வயலுக்குள். அந்தப் பக்கத்து நீளம் 206 அடி, எதிர்முனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் முக்கோணமாக அரை செண்டுக்குக் கொஞ்சம் மேலே போகிறது. அரை செண்டுதானே என்று நினைப்பவர்கள் ஒருதரம் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் போய் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: “மூணுல எது தம்பி நெசம்?”

“தோண்டி எடுத்தோம்ல, அதுதான்யா.”

“அப்ப இந்தக் கம்பிய அடிச்சது யாரு?”

“தெரியலைங்கய்யா” என்றேன்.

தெரியும். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கம்பியின் தலையை ஒரு சாண் சிவப்பு அடித்து, அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு இழுக்கிற ஆள் எனக்குத் தெரிந்து மதுரையில் ஒருத்தர்தான். டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியில் எனக்குக் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எப்படித் தவறினார் என்பதும் அங்கேயே நின்று பார்த்தால் புரிந்தது. பிளாட்காரர் காம்பவுண்டு சுவரைப் பாதித் தூரம் கட்டி நிறுத்தியிருக்கிறார், சுவர் லேசாக உள்ளே வாங்கியிருக்கிறது. அண்ணன் கல்லைத் தேடாமல் சுவரின் முகத்தைப் பிடித்து அப்படியே வாய்க்கால் வரைக்கும் நீட்டியிருக்கிறார். வெயிலாக இருந்திருக்கும், முள்ளாக இருந்திருக்கும், அன்றைக்கே இன்னும் இரண்டு இடம் பாக்கி இருந்திருக்கும். எனக்குத் தெரியாத சங்கதியா?

ஆனால் நான் சொன்ன பொய்தான் வீட்டுக்கு வந்தும் உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. நிலம் அளக்கிற தனியார் சர்வேயர் என்று நான் போர்டு மாட்டியிருக்கிறேனே, அதற்கு யாரும் எனக்கு உரிமம் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் சிவில் டிப்ளமோ. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் சர்வேயர் டிரேடு படித்தவர்கள் உண்டு. எதுவும் படிக்காமல் செயின்மேனாகச் சேர்ந்து கைவேலையில் கற்றுக்கொண்டு எங்களைவிட நன்றாக அளக்கிறவர்களும் உண்டு. ஒரு இன்ஸ்ட்ரூமெண்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாளைக்குக் காலையிலேயே நீங்களும் இறங்கலாம். ரப்பர் ஸ்டாம்ப் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள். “லைசென்ஸ்டு சர்வேயர்” என்று சிலர் போட்டுக்கொள்கிறார்கள் இல்லையா, அது பெரும்பாலும் மாநகராட்சியில் கட்டட வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட வாங்கின பதிவு. பிளான் போடுவதற்கும் வயலில் கல் ஊன்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்காரர் யாரும் கேட்பதில்லை. உட்பிரிவு மனுக்கள் மலைபோல் தேங்கினபோது நில அளவைத் துறையே உரிமம் கொடுத்து ஆட்களை எடுத்து வேலை வாங்கியதும் உண்டு, ஆனால் அது துறை வேலைக்கான உரிமம். எங்களைப் போல வெளியே அளக்கிறவனை அது கட்டுப்படுத்தாது.

சட்டப்படி எங்கள் கல்லுக்கு மதிப்பு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1923ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லை காட்டுவது அரசு நில அளவர்தான். பணம் கட்டி மனுப் போட்டால் ஃபிர்கா சர்வேயர் வந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவார். சரியில்லை என்று நினைத்தால் மேல்முறையீடு, அதற்குப் பிறகு சிவில் வழக்கு. கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் கமிஷனர் வருவார், கூடவே தாலுகா சர்வேயர் வருவார். இதிலெல்லாம் எங்களுக்கு இடமே இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன? சர்வேயர் தேதி கொடுக்கும் வரை காத்திருக்க முடியாதவர்கள், வீடு கட்ட வாஸ்து பார்த்துவிட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து இரண்டு வார லீவில் வந்தவர்கள், மனை போடுகிறவர்கள், எல்லாரும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் அடித்த கம்பியைப் பிடித்து அஸ்திவாரம் போடுகிறார்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு சட்டத்தில் அந்தக் கம்பிக்கு மதிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சரி, அரசு சர்வேயருக்காவது கட்டுப்பாடு உண்டே என்பீர்கள். உண்டு. மேலே சார் ஆய்வாளர், தலைமை சர்வேயர், கலெக்டர் ஆபீசில் ஏ.டி. என்கிற உதவி இயக்குநர் என்று வரிசையாக இருக்கிறார்கள். குற்றச்சாட்டு வந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி மெமோ வரும். லஞ்சம் வாங்கினால் ரசாயனம் தடவிய நோட்டோடு ஆள் வந்து பிடிக்கும், மறுநாள் பேப்பரில் படம் வரும். ஆனால் பைசா வாங்காமல் தப்பாக அளந்த ஒரு சர்வேயரின் படம் பேப்பரில் வந்து நான் பார்த்ததில்லை. நம் ஊர் அமைப்பு கையைப் பார்க்கிறது, கல்லைப் பார்ப்பதில்லை. கை சுத்தமாக இருந்தால் கல் எங்கே நின்றாலும் ஒருவிதத்தில் மன்னிப்பு உண்டு. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979ல் ஆரம்பித்த யு.டி.ஆர். வேலையில் விழுந்த தவறுகளுக்கு இன்றைக்கும் ஜனங்கள் மனுவும் கையுமாக அலைகிறார்கள், அப்போது அளந்தவர்களில் பலர் உயிரோடு கூட இல்லை.

போன வருஷம் என் மச்சான் பேங்க் லோனுக்கு ஆடிட்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கினான். அதில் 18 இலக்கத்தில் ஒரு எண் இருந்தது. என்னடா இது என்று கேட்டால், 2019லிருந்து ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற சர்டிபிகேட்டுக்கெல்லாம் இந்த எண் கட்டாயமாம், பேங்க்காரன் இணையத்தில் தட்டிப் பார்த்தால் அது அந்த ஆடிட்டர் போட்டதுதானா என்று தெரிந்துவிடுமாம். அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று: ஒரு ஆடிட்டர் ஆபீஸின் வேலையை இன்னொரு ஆடிட்டர் வந்து ஃபைல் ஃபைலாகப் புரட்டிப் பார்க்கும் ஏற்பாடு 2002லிருந்தே அவர்களிடம் இருக்கிறது. போட்டிக்காரனே வந்து பார்ப்பான்! வக்கீலுக்கு 1961 சட்டத்திலிருந்து பார் கவுன்சில், ஆர்க்கிடெக்டுக்கு 1972லிருந்து கவுன்சில். நில அளவைக்கென்று 1794லேயே சென்னையில் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார்கள், இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆளை உருவாக்கத் தெரிந்த நாட்டில், உருவான ஆள் தப்புப் பண்ணினால் கூப்பிட்டுக் கேட்க ஒரு மன்றம் கிடையாது.

என்னோடு படித்த திருமங்கலத்துக்காரன் ஒருவன் டெக்சாஸில் சர்வே கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறான். ராத்திரி அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மூன்று கல் என்றதும் சிரித்துவிட்டான். அங்கேயும் இது உண்டாம், ஒவ்வொரு சர்வேயரும் பழைய குறியை ஏற்காமல் தன் கணக்குப்படி புதுசாகக் கம்பி அடித்து வைத்து, ஒரே மூலையில் நாலைந்து நிற்குமாம். தையற்காரர் ஊசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தையின் பேரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தக் கம்பி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். வரைபடத்தில் உரிமம் பெற்றவரின் முத்திரை இருந்தாக வேண்டும். உரிமம் வாங்க வேலை அனுபவமும் வேண்டும், இரண்டு தேசியத் தேர்வுகளும், அந்தந்த மாநிலச் சட்டத்துக்கான தேர்வும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு போர்டு. டெக்சாஸில் 2019லிருந்து இன்ஜினியர்களுக்கும் நில அளவையருக்கும் ஒரே போர்டாக்கிவிட்டார்கள். தண்டனை கொடுத்தால் பேரைப் போட்டு வெளியிடுவார்கள்.

“இன்னொரு சர்வேயர் விதிய மீறினது தெரிஞ்சும் சொல்லாம இருந்தா, பல மாநிலத்துல அதுவே தப்புடா” என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “அங்கயும் எல்லாரும் சொல்றாய்ங்கன்னு நெனைக்காத” என்றான்.

போர்டு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. அவன் சொன்ன இன்னொரு கதையைக் கேளுங்கள். வடக்கு கரோலினாவில் டிரோன் வைத்திருக்கிற ஒருத்தர் மேலிருந்து படம் பிடித்து நில வரைபடம் மாதிரித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உரிமம் இல்லாமல் சர்வே வேலை செய்கிறாய், நிறுத்து என்று அந்த மாநிலப் போர்டு சொன்னது. எல்லைக்கோடு போட்டால்தானே சர்வே, நான் தகவல்தானே தருகிறேன், இது என் பேச்சுரிமை என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் போர்டு பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி எப்படியோ, எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. யாருடைய கல்லையும் அவர் நகர்த்தவில்லையே. உரிமம் உள்ளவன் தப்பாக அளந்ததைத் தோண்டுவது கஷ்டம், உரிமம் இல்லாதவனைப் பிடிப்பது சுலபம், போர்டுகளுக்கு எப்போதும் சுலபமான வேலையில் கை நீளும். நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் முதலில் மாட்டுவது யார் என்று எனக்கு இப்போதே தெரியும். வாடகை இன்ஸ்ட்ரூமெண்டோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிற பையன்தான். பெரிய லே-அவுட்காரரின் சர்வேயரை எவனும் தொட மாட்டான். அப்புறம் சங்கத் தேர்தல், இரண்டு கோஷ்டி, பிடிக்காதவன்மேல் புகார், அது ஒரு தனிப் பஞ்சாயத்து.

ஆனாலும் அந்த ஒரு விதி, சக தொழில்காரனின் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போகக் கூடாது என்பது, அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் சர்வேயரின் தப்பைச் சர்வேயர்தான் கண்டுபிடிக்க முடியும். வீட்டுக்காரருக்குக் கம்பி கம்பிதான். வி.ஏ.ஓ.வுக்கு நேரமில்லை. அடுத்து வந்து அதே மூலையில் முக்காலியை விரிக்கிறவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அவனும் “தெரியலைங்கய்யா” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினால் கதை முடிந்தது.

இதை எனக்கு ஒருத்தர் ஏற்கெனவே கற்றுக் கொடுத்திருந்தார் என்பதுதான் வெட்கக்கேடு. 2014ல் நாகமலை பக்கம் ஒரு மனை அளந்தேன். நானும் அன்றைக்கு இதே தப்பைத்தான் செய்தேன், பக்கத்து வீட்டுச் சுவரை எல்லையாக எடுத்துக்கொண்டு ஒரு அடி நாலு அங்குலம் தள்ளிக் கம்பியடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே தெருவில் சொந்தக்காரர் இடம் பார்க்க வந்த ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர், நாங்கள் எல்லாரும் ஐயா என்று கூப்பிடுகிறவர், போகிற போக்கில் டேப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார்கள். காப்பியைக் குடித்து முடிக்கும் வரை அவர் பேச்சே எடுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “காலைல ஆறு மணிக்கு அங்கன வந்துருப்பா. வீட்டுக்காரர்ட்ட நானே வரச் சொல்லிட்டேன். கம்பிய நீயே பிடுங்கணும்” என்றார்.

போனேன். பிடுங்கினேன். வீட்டுக்காரர் நான்கு பேர் முன்னால் திட்டினார், ஐயா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, எனக்காகப் பரிந்தும் பேசவில்லை. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் வாங்கி இறக்கியிருந்த செங்கல்லை இடம் மாற்றின கூலியும் என் தலையில்தான் விழுந்தது. திரும்பும்போது ஐயா டீக்கடையில் வடை வாங்கிக் கொடுத்து, சுவரைப் பிடித்து அளக்கக் கூடாது, கல்லைப் பிடித்துத்தான் அளக்க வேண்டும், கல் கிடைக்கவில்லையென்றால் கல் கிடைக்கவில்லை என்று ஸ்கெட்சில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் விசாரணை, அவ்வளவுதான் தண்டனை. அவர் வாயிலிருந்து அந்தக் கதை வேறு யாருக்கும் போனதாக இன்றுவரை எனக்குத் தெரியாது. அது நல்லதா என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது. எனக்கு நல்லது. அந்த மூன்று வாரத்தில் நான் அளந்த மற்ற மனைக்காரர்களுக்கு?

ஐயா இப்போது இல்லை. அவர் மாதிரிக் கதவைத் தட்டுகிற ஆள் கிடைத்தால்தான் நீதி என்று ஒரு தொழிலை விட்டுவைக்க முடியாது என்பது ஒரு பக்கம். கதவைத் தட்டுகிற வயதும் தகுதியும் இப்போது எனக்கே வந்துவிட்டது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஸ்கெட்சில் சர்வே கல், சிமெண்ட் கல், கம்பி மூன்றையும் போட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று எழுதி, எந்த இரண்டு கல்லிலிருந்து ஜி லைன் எடுத்தேன் என்பதையும் குறித்து, கீழே என் பேர், போன் நம்பரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்பி அடித்தவர் யாரென்று எனக்குத் தெரியும் என்றும், அன்றைக்குத் தெரியாது என்றது பொய் என்றும் சொன்னேன். பத்திரத்துக்கு முன்னால் தாலுகாவில் மனுப் போட்டு முறைப்படி அத்து காட்டச் சொல்லுங்கள், என் ஸ்கெட்ச் ஒரு யோசனைதான் என்றேன். பெரியவர் பேப்பரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தம்பி” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

தெருவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “நீ ஒன் வேலய பாரு, என்னைய அளக்க வந்துட்டியா” என்று வைத்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். ஸ்கெட்சைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே தோண்டின கல்லின் போட்டோவும், பக்கத்தில் டேப் விரித்து வைத்து எடுத்தது.

நேற்று ராத்திரி அவரே கூப்பிட்டார். வணக்கமும் இல்லை, நல்லா இருக்கியாவும் இல்லை.

“ஜி லைன் தெக்குக் கல்லுல இருந்தா எடுத்த?”

“ஆமாண்ணே. மேக்க இருக்க கல்லுலயும் வச்சு செக் பண்ணேன்.”

“எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சு?”

“ஒன்றரை அடிண்ணே. வண்டல் மூடிருச்சு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, பிளாட்காரன் மிச்சச் சுவருக்கு வானம் தோண்ட வருகிற வாரம் ஆள் பேசியிருக்கிறான் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போகிறோம், பிளாட்காரரையும் அவரே வரச் சொல்கிறார். கடப்பாரை அவர் கொண்டு வருகிறாராம். அவருடைய இன்ஸ்ட்ரூமெண்டின் பிரிசம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது, என்னுடையதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.